மரத்தூளில் இருந்து பயோ-ஆயில்: மென்பொருள் சொன்ன உச்சம் ரியாக்டரில் வரவில்லை, எங்கே தவறு?

தூள்மூட்டை

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைத் திட்ட வேலைக்காகப் பைன் மரத்தூளைப் பைரோலிசிஸ் செய்து, அதாவது காற்று இல்லாமல் சூட்டில் உடைத்து, பயோ-ஆயில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரியாக்டர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, உள்விட்டம் 5 செ.மீ., சூடாகும் நீளம் 40 செ.மீ. உள்ள ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், அதைச் சுற்றி மின்சார உலை. ஒரு தடவைக்கு 60 கிராம் தூள் உள்ளே வைத்து, நைட்ரஜன் விட்டு, உலையைச் சூடேற்றி, வெளியே வரும் ஆவியை ஐஸ் தண்ணீர் ஓடும் கன்டென்சரில் பிடிக்கிறேன்.

மூன்று காரணிகளை எடுத்துக்கொண்டேன். வெப்பநிலை 400 முதல் 560 டிகிரி, சூடேறும் வேகம் நிமிடத்துக்கு 10 முதல் 50 டிகிரி, நைட்ரஜன் ஓட்டம் நிமிடத்துக்கு 0.5 முதல் 2 லிட்டர். பாக்ஸ்-பென்கென் என்கிற சோதனைத் திட்டமிடும் முறையில் மொத்தம் 15 சோதனை ஓட்டம். மென்பொருள் ஒரு இருபடிச் சமன்பாடு கொடுத்தது, ஆர்-ஸ்கொயர் (சமன்பாடு தரவோடு எவ்வளவு ஒட்டுகிறது என்கிற எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.97. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. உச்சம் எங்கே என்று கேட்டால் 545 டிகிரி, 50 டிகிரி/நிமிடம், 2 லிட்டர், அங்கே திரவம் 48% வரும் என்றது. சரி என்று அதே நிலையில் மூன்று தடவை ஓட்டினேன். 41, 39, 42. அதற்கு மேல் ஏறவே இல்லை.

இன்னொன்று, கிடைக்கிற திரவம் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே தேநீர் நிறத்தில் தண்ணீர் மாதிரி, அடியில் கறுப்பாகத் தார் மாதிரி. கட்டுரைகளில் 70, 75% என்று படிக்கிறேன், அதுவும் ஒரே அடுக்கு. என்னுடைய வெப்பநிலை வரம்பை மாற்ற வேண்டுமா, இல்லை வேறு காரணியைச் சேர்க்க வேண்டுமா? வழிகாட்டியிடம் போவதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

கரிச்சட்டி

நீங்கள் வரம்பை மாற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. 545 டிகிரி என்றால் எது 545 டிகிரி? உலையா, குழாயின் சுவரா, நடுவில் இருக்கிற தூளா? தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை எழுதாமல் விட்டதே பாதி பதில்.

அந்த 70, 75% எல்லாம் வேகப் பைரோலிசிஸ். அதாவது 500 டிகிரி பக்கத்தில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் மணலுக்குள் பொடியான மரத்தூள் விழுகிறது, துகளின் மேற்பரப்பு நொடிக்கு ஆயிரம் டிகிரி கணக்கில் சூடேறுகிறது, வந்த ஆவி 2 நொடிக்குள் வெளியே போய் உடனே குளிர்கிறது. 1980களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சின்ன மணல் படுகையில் காட்டியதும் இதைத்தான். நீங்கள் செய்வது நிமிடத்துக்கு 50 டிகிரி, நொடிக்கு ஒரு டிகிரி கூட இல்லை. இது மெதுவான பைரோலிசிஸ், அங்கே திரவம், கரி, வாயு மூன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று பிரிந்துகொள்ளும். 41 வாங்கியதே உங்கள் குழாயைப் பொறுத்தவரை நல்ல மதிப்பெண்.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மரத்தின் முக்கியப் பொருள்கள் மூன்றில் ஹெமிசெல்லுலோஸ் ஏறக்குறைய 220 டிகிரியில் உடையத் தொடங்கி 315க்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், செல்லுலோஸ் 315க்கும் 400க்கும் நடுவில். லிக்னின் மட்டும்தான் சோம்பேறி, 160இல் தொடங்கி 900 வரைக்கும் இழுத்துக்கொண்டே போகும். உங்கள் உலை 220இல் இருந்து 400க்கு ஏற எவ்வளவு நேரம்? 180ஐ 50ஆல் வகுத்தால் மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் மரத்தின் பெரும்பகுதி உடைந்து ஆவியாகிப் போய்விட்டது. உலை 545ஐத் தொடும்போது உள்ளே இருப்பது கரியும் கொஞ்சம் லிக்னின் மிச்சமும். ஆக நீங்கள் 'வெப்பநிலை' என்று காரணியாகப் போட்டது மரம் உடையும் வெப்பநிலையே இல்லை, எல்லாம் முடிந்த பிறகு கரியை எவ்வளவு வறுத்தீர்கள் என்கிற கணக்கு. 400க்கும் 560க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்தது துகள் அளவு. அதையும் எழுதவில்லை. மரம் வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம். வெப்பம் உள்ளே இறங்கும் நேரம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப கூடும். தோராயமாக, 0.5 மி.மீ. துகளின் நடுவுக்குச் சூடு போக அரை நொடிக்கும் குறைவு, 2 மி.மீ.க்கு 5 நொடி மாதிரி, 5 மி.மீ. என்றால் அரை நிமிடம். இது துகளைத் தனியாகச் சூட்டில் போட்டால். நீங்களோ 60 கிராமை மூட்டையாக அடைத்து வைத்திருக்கிறீர்கள், அது மொத்தமும் 5 செ.மீ. தடிமனுள்ள ஒரே துகள் மாதிரிதான் நடந்துகொள்ளும். சுவர் ஓரம் இருப்பது கரியாகிவிட்ட நேரத்தில் நடுவில் இருப்பது இன்னும் காய்ந்துகொண்டிருக்கும், நடுவில் இருந்து வரும் ஆவி அந்தச் சூடான கரியைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். கரி சும்மா இருக்காது, ஆவியை உடைத்துத் தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றும் வினையூக்கி அது. உங்கள் இரண்டு அடுக்குக்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, ஆவி தங்கும் நேரம். பலரும் இங்கே ஒரே தவறைச் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். ஓட்டமானி காட்டுவது அறை வெப்பநிலையில் உள்ள 2 லிட்டர். அது 500 டிகிரிக்குப் போனால் கெல்வின் கணக்கில் 773ஐ 298ஆல் வகுத்த அளவு, அதாவது 2.6 மடங்கு விரியும். உங்கள் குழாயின் சூடான கொள்ளளவு சுமார் 785 கன செ.மீ. 2 லிட்டர்/நிமிடம் என்பது நொடிக்கு 33 கன செ.மீ., சூட்டில் 86. தங்கும் நேரம் 9 நொடி. 0.5 லிட்டரில் 36 நொடி. இது முழு நீளத்துக்கான கணக்கு. தூள் நடுவில் இருந்தால் அதைத் தாண்டி ஆவி போகும் நீளம் மட்டும்தான் சேரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். எப்படிக் கழித்தாலும் 2 நொடிக்கு வராது. முழு நீளத்துக்கு 2 நொடி வேண்டும் என்றால் 9 லிட்டர் விட வேண்டும். ஆக நீங்கள் சோதித்த வரம்பு முழுவதும் 'ரொம்ப நேரம்' என்கிற ஒரே அறைக்குள்தான் இருக்கிறது, அந்த அறைக்குள் உச்சத்தைத் தேடியிருக்கிறீர்கள்.

மையப்புள்ளி

கரிச்சட்டி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் புள்ளியியல் பக்கத்தை அவர் தொடவில்லை. 48க்கும் 41க்கும் உள்ள இடைவெளிக்குப் பாதிக் காரணம் அங்கேதான்.

பாக்ஸ்-பென்கென் வடிவமைப்பில், மூன்று காரணியையும் மூன்று பக்கமாக வைத்து வரையும் கனசதுரத்தின் மூலைகளில் ஒரு ஓட்டம் கூட இருக்காது. விளிம்புகளின் நடுப்புள்ளியும் மையமும் மட்டும்தான். உங்கள் உச்சம் எங்கே? வேகம் மேல் எல்லை, ஓட்டம் மேல் எல்லை, வெப்பநிலையும் மேல் எல்லையை ஒட்டி. அதாவது மூலை. நீங்கள் ஒரு தடவை கூட நிற்காத இடத்தைப் பற்றி மென்பொருளிடம் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் கூச்சப்படாமல் 48 என்று சொல்லிவிட்டது. உச்சம் எல்லையில் போய் ஒட்டிக்கொண்டாலே அது உச்சம் இல்லை, 'இன்னும் அந்தப் பக்கம் போ' என்கிற கைகாட்டி.

ஆர்-ஸ்கொயர் 0.97 பற்றியும் பெருமைப்பட வேண்டாம். மூன்று காரணி இருபடிச் சமன்பாட்டில் 10 கெழு, உங்களிடம் இருப்பது 15 புள்ளி. மிச்சம் 5. பத்து ஆணி அடித்து மாட்டிய துணி பதினைந்து இடத்தில் சுவரோடு ஒட்டுகிறது என்று சொல்வது போல. கணிப்புக்கான ஆர்-ஸ்கொயர் என்று ஒன்று மென்பொருளிலேயே இருக்கும், ஒவ்வொரு புள்ளியையும் விட்டுவிட்டு மற்றதை வைத்துக் கணித்துப் பார்ப்பது. அதைப் பாருங்கள். 0.97 இருந்த இடத்தில் 0.6 வந்தால் கதை தெரிந்துவிடும்.

அப்புறம் மூன்று மையப்புள்ளி ஓட்டங்களும் (எல்லாக் காரணியையும் நடு அளவில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்வது) ஒரே நாளில் அடுத்தடுத்து செய்ததா, இல்லை இடையிடையே கலந்து செய்ததா? ஒரே நாளில் என்றால் உங்கள் உண்மையான பிழை உங்களுக்குத் தெரியாது. கன்டென்சரில் ஐஸ் தீர்ந்த நாள், தூள் மூட்டை ஈரம் வாங்கிய நாள், கரிமம் படிந்த குழாயைச் சுத்தம் செய்த நாள், இதெல்லாம் அந்தப் பிழைக்குள் வர வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கரிச்சட்டியோடு எனக்கு மாறுபாடு. மெதுவான பைரோலிசிஸ் என்பதால் வேலை வீண் என்று அர்த்தம் இல்லை. காரணிகளைச் சரியான பெயரில் அழைத்து, தங்கும் நேரத்தை நொடியில் போட்டு, 'இது நிலைப் படுகை (தூள் அசையாமல் கிடப்பது), மெதுவான சூடேற்றம்' என்று நேர்மையாக எழுதினால் அதுவும் ஒரு ஆய்வுதான். வேகப் பைரோலிசிஸ் எண்ணோடு ஒப்பிட்டால்தான் சிக்கல்.

தூள்மூட்டை

இரண்டு பேருக்கும் நன்றி, கொஞ்சம் வலிக்கிறது ஆனாலும் நன்றி.

கேட்டவற்றுக்குப் பதில். தெர்மோகப்பிள் குழாயின் வெளிச் சுவரில் இருக்கிறது. துகள் 2 முதல் 5 மி.மீ., தச்சுப் பட்டறையில் இருந்து வந்தபடியே. ஈரப்பதம் தனியாக அளக்கவில்லை, நிழலில் காய வைத்ததுதான். மையப்புள்ளி மூன்றும் ஒரே நாளில் செய்தேன். கணிப்பு ஆர்-ஸ்கொயர் இப்போதுதான் பார்த்தேன், 0.58, மனசு உடைந்துவிட்டது. திரவம் என்பது இரண்டு அடுக்கும் சேர்த்த எடை, கரியை எடை போட்டேன், மிச்சத்தை வாயு என்று எழுதினேன்.

இரண்டு அடுக்கு பற்றி இன்னும் தெளிவாக யாராவது சொல்ல முடியுமா? சூடாக்கித் தண்ணீரைப் போக்கிவிட்டால் ஒரே எண்ணெயாகிவிடாதா?

பிசின்கை

சூடாக்கிவிடாதீர்கள்! பெட்ரோலிய எண்ணெய் மாதிரி நினைத்து வடிகட்டப் போனால் நூறு டிகிரிக்குப் பக்கத்திலேயே அது தனக்குத்தானே பிணைந்துகொண்டு கெட்டிப்படும், கடைசியில் குடுவையில் பாதி அளவுக்குக் கறுப்புக் கட்டிதான் மிஞ்சும். ஒரு குடுவையை நான் இப்படி இழந்திருக்கிறேன், உளியால் கூட எடுக்க முடியவில்லை.

முதலில் இந்தத் திரவம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நல்ல ஒரே அடுக்கு பயோ-ஆயிலிலேயே எடையில் 15 முதல் 30% தண்ணீர் இருக்கும். அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்கள் இருப்பதால் அமிலத்தன்மை 2, 3 பி-ஹெச். எரிதிறன் கிலோவுக்கு 16 முதல் 19 மெகாஜூல், கனரக எரிஎண்ணெயின் பாதி கூட இல்லை. தண்ணீர் தனியாக மிதப்பது இல்லை, சர்க்கரைப் பொருள்களும் அமிலங்களும் கரைந்த நீருக்குள் லிக்னின் துண்டுகள் நுண்துளிகளாகத் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் முப்பது சதவீதத்தைத் தாண்டிக்கொண்டு போகும்போது அந்தச் சமநிலை உடைந்து லிக்னின் பகுதி அடியில் இறங்கிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நூறு கிராம் உலர்ந்த மரம் நன்றாகப் பைரோலிசிஸ் ஆனாலும் வினையிலேயே 11 கிராம் மாதிரி தண்ணீர் உருவாகும். கரிமத் திரவம் 59 கிராம் என்று வையுங்கள். தூளில் 10% ஈரம் இருந்தால் கூடவே 11 கிராம். மொத்தத் திரவம் 81, அதில் தண்ணீர் 22, அதாவது 27%. ஒரே அடுக்காக நிற்கும். அதே தூளில் ஈரம் 20% என்றால் கூட வருவது 25 கிராம், மொத்தம் 95இல் 36, 38% தண்ணீர், பிரிந்துவிடும். நிழலில் காய்ந்த தூளின் ஈரம் அந்த நாளின் காற்றைப் பொறுத்தது, அளக்காமல் சொல்லவே முடியாது. 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைத்து எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு கரி வழியாக ஆவி உடைவதால் வினைத் தண்ணீரே கூடுதலாக இருக்கும், கரிமத் திரவம் குறைவாக இருக்கும், ஆக இரண்டு பக்கமும் அடி.

இதில் உங்கள் ஆய்வையே பாதிக்கும் ஒன்று இருக்கிறது. நீங்கள் உயர்த்தப் பார்த்தது மொத்தத் திரவ எடையை. மென்பொருளுக்குத் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றுதான். ஈரமான தூள் போட்டாலே 'விளைச்சல்' ஏறிவிடும். கார்ல் ஃபிஷர் முறையில் தண்ணீரை அளந்து, கழித்து, உலர்ந்த மரத்தின் எடைக்குக் கரிமத் திரவம் எவ்வளவு என்று மாற்றுங்கள். பயோ-ஆயிலில் ஆல்டிஹைடும் கீட்டோனும் நிறைய, சாதாரண மெத்தனால் கலந்த கரைசல் அவற்றோடு வினைபுரிந்து கூடுதல் தண்ணீரைக் காட்டும், அதனால் கீட்டோன்களுக்கென்று விற்கும் கரைசலை வாங்குங்கள். இரண்டு அடுக்கையும் தனித்தனியாக அளக்க வேண்டும், குலுக்கி ஒரு துளி எடுத்தால் ஒவ்வொரு துளியும் ஒரு எண் சொல்லும்.

மிச்சத்தை வாயு என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். கன்டென்சரில் பிடிபடாமல் போன எண்ணெய்ப் புகையெல்லாம் அந்த 'வாயு'வுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியேறும் குழாயில் வெண்புகை தெரிகிறதா? அது ஆவி இல்லை, மைக்ரான் அளவுத் துளிகள், எவ்வளவு குளிர்ந்த கன்டென்சராக இருந்தாலும் நடுவில் மிதந்து போய்விடும். பெரிய ஆலைகளில் குளிர்ந்த பயோ-ஆயிலையே மேலே தெளித்துப் பிடிப்பார்கள், ஆய்வகத்தில் மின்புலத்தால் துளிகளை இழுத்துப் பிடிக்கும் மின்னழுத்த வீழ்படிவி வைப்பார்கள். உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், எடை போட்ட பஞ்சை ஒரு குழாயில் அடைத்து கன்டென்சருக்கு அப்புறம் மாட்டுங்கள், ஓட்டம் முடிந்து பஞ்சை மறுபடி எடை போடுங்கள். அதிர்ச்சியாக இருக்கும்.

மரப்பட்டை கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டையில் சாம்பல் அதிகம், சாம்பலில் உள்ள பொட்டாசியம் செல்லுலோஸை லெவோகுளுக்கோசான் என்கிற சர்க்கரைப் பொருளாகப் போகவிடாமல் சின்னச் சின்ன மூலக்கூறாகவும் தண்ணீராகவும் கரியாகவும் சிதறடிக்கும். வெப்பநிலையை எவ்வளவு சரிசெய்தாலும் அது திருந்தாது.

கரிச்சட்டி

மையப்புள்ளி சொன்னது சரி, வீண் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பையன் கேட்டது எண்ணெய். கரி வேண்டும் என்றால் இந்தக் குழாயே போதும், சொல்லப்போனால் கரிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எண்ணெய் வேண்டும் என்றால் சூடு மரத்திடம் போவதை விட்டுவிட்டு மரம் சூட்டிடம் போக வேண்டும்.

அதே குழாயை நிமிர்த்தி வையுங்கள். அடியில் சல்லடைத் தட்டு, மேலே 0.3 மி.மீ. மணல். 500 டிகிரியில் நைட்ரஜனில் அந்த மணல் குமிழ் விடத் தொடங்க நொடிக்கு ஏறக்குறைய 4 செ.மீ. வேகம் வேண்டும். உங்கள் குழாய்க்கு அது ஓட்டமானியில் 1.8 லிட்டர்/நிமிடம். அதைப்போல ஐந்து மடங்கு விட்டால் 9 லிட்டர், மேலே தங்கும் நேரத்துக்காகச் சொன்ன அதே எண்! சில நேரம் கணக்கு இப்படிக் கருணை காட்டும்.

ஆனால் சும்மா வாயுவைக் கூட்டிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மரத்தைச் சூடேற்றி உடைக்கக் கிலோவுக்கு 1.5 மெகாஜூல் மாதிரி ஆகும். மணிக்கு 100 கிராம் போட்டால் 42 வாட். 9 லிட்டர் நைட்ரஜனை அறைச் சூட்டில் இருந்து 500க்குக் கொண்டுவர 87 வாட். மரத்தைவிட வாயுதான் இரண்டு மடங்கு சூட்டைத் தின்னும். முன்சூடேற்றாமல் விட்டால் தட்டுக்கு மேல் முதல் சில செ.மீ. மணல் குளிர்ந்துதான் இருக்கும். இதனால்தான் வெப்பநிலையும் நைட்ரஜன் ஓட்டமும் தனித்தனிக் காரணி இல்லை, ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். வாயு கூடக்கூட ஆவி நீர்த்துப்போய் கன்டென்சரில் பிடிப்பதும் கஷ்டம், பிசின்கை சொன்ன பஞ்சு அப்போதுதான் கனக்கும்.

தூளைத் தொடர்ந்து ஊட்டும் திருகு அமைப்பு இல்லை என்றால், ஏழை வழி ஒன்று. மணலை 500இல் நிறுத்தி, மேலே ஒரு பந்து வால்வு வழியாக 2 கிராம் 2 கிராமாகப் போடுங்கள். 150 கிராம் மணல் இருந்தால் ஒவ்வொரு முறையும் 18 டிகிரி மாதிரி இறங்கும், ஏறும்வரை பொறுத்து அடுத்தது. ஐந்து கிராமாகக் கொட்டினால் 45 டிகிரி இறங்கும், அப்புறம் எந்த வெப்பநிலையில் செய்தேன் என்று நீங்களே சொல்ல முடியாது. துகள் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம், ரொம்பத் தூளாகவும் வேண்டாம், மாவு மாதிரி இருந்தால் வாயுவே அடித்துக்கொண்டு போய்விடும். தெர்மோகப்பிள் மணலுக்குள்.

பெரும்பாலான மரங்களுக்குக் கரிமத் திரவத்தின் உச்சம் 500, 520 பக்கம்தான் வரும். அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க 15 ஓட்டம் தேவையில்லை, 480, 500, 520 மூன்றும் பார்த்துவிட்டு நேரத்தைத் தங்கும் நேரத்திலும் ஈரத்திலும் செலவழியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அறைக்குள் விடாதீர்கள். கரி சூடாக இருக்கும்போது குழாயைத் திறந்தால் காற்றுப் பட்டவுடன் தானாகப் பற்றிக்கொள்ளும், நைட்ரஜனிலேயே ஆறவிட்டு எடுங்கள்.

தூள்மூட்டை

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், பந்து வால்வு கிடைக்கவே இரண்டு வாரம்.

குழாயை நிமிர்த்தும் முன்னால் பழைய ஏற்பாட்டிலேயே ஒரு தெர்மோகப்பிளைத் தூளுக்கு நடுவில் செருகிப் பார்த்தேன். சுவர் 400 காட்டும்போது நடுவில் 260. அதைப் பார்த்த அன்றே பழைய 15 ஓட்டத்தையும் மூட்டை கட்டிவிட்டேன். ஈரம் அளந்தேன், 17%. அதாவது இரண்டு அடுக்குக்குப் பாதிக் காரணம் மரத்துக்குள்ளேயே இருந்தது, நான் உலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மணல் 150 கிராம், தூள் 0.5 முதல் 1 மி.மீ., 105 டிகிரியில் காய வைத்தது, 2 கிராமாகப் போடுகிறேன். மொத்த நைட்ரஜன் நிமிடத்துக்கு 8 லிட்டர், அதற்கு மேல் போனால் மணல் மேலே தெறிக்கிறது. 500 டிகிரியில் திரவம் 57%, பஞ்சில் பிடித்ததும் சேர்த்து. பஞ்சில் மட்டும் அதில் ஆறில் ஒரு பங்கு! தண்ணீர் 22%, ஒரே அடுக்கு, காபி நிறம், புகை வாசனை கை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. 480இல் 55, 520இல் 56, ஓட்டத்துக்கு ஓட்டம் 2 வித்தியாசம் வருவதால் மூன்றும் ஒன்றே என்று எழுதியிருக்கிறேன். கரி, திரவம், பையில் பிடித்து அளந்த வாயு எல்லாம் கூட்டினால் 92 வருகிறது.

வழிகாட்டி முதலில் '0.97 எங்கே போயிற்று' என்றார். அந்த 260ஐக் காட்டியதும் பேசாமல் இருந்துவிட்டார்.

இப்போது புதுத் தலைவலி. ரியாக்டருக்கும் கன்டென்சருக்கும் நடுவில் ஒரு சாண் குழாய், நாலு ஐந்து ஊட்டலுக்குள் தார் அடைக்கத் தொடங்குகிறது. காணாமல் போன 8இல் கொஞ்சம் அங்கே இருக்கும் என்று சந்தேகம்.

பிசின்கை

கொஞ்சம் இல்லை, நிறைய. அந்தச் சாண் குழாயை நீங்கள் சூடாக்கவில்லை இல்லையா? ஆவி 400 டிகிரிக்குக் கீழே இறங்கினால் லிக்னின் பகுதி முதலில் சுவரில் ஒட்டும், ஒட்டியதன் மேல் அடுத்தது. சூடேற்றும் நாடா சுற்றி 400க்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். 500க்கு ஏற்றிவிடாதீர்கள், அப்புறம் அந்தக் குழாயே இரண்டாவது ரியாக்டராகி ஆவியை உடைக்கும், தங்கும் நேரத்தில் அதன் கொள்ளளவையும் சேர்க்க வேண்டிவரும். முடிந்தால் சாணை விரல்கட்டையாகக் குறையுங்கள். கரித்தூளும் கூடவே வந்து ஒட்டுகிறது என்றால் நடுவில் ஒரு சின்ன சைக்ளோன் (வாயுவைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு), அதற்கும் அதே சூடு.

அடைப்பு வரும் குழாயோடு ஓட்டுகிறீர்கள் என்றால் நைட்ரஜன் நுழையும் பக்கம் ஒரு நீர் அடைப்பு யூ-குழாய் கட்டாயம். அழுத்தம் ஏறினால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகட்டும், பந்து வால்வைத் திறக்கும்போது உங்கள் முகத்துக்கு நேராக வர வேண்டாம். பழைய குழாயைக் கழற்றி எடை போட்டுப் பாருங்கள், 92 எங்கே ஏறுகிறது என்று எழுதுங்கள்.

தூள்மூட்டை

எடை போட்டேன். உள்ளே 3.1 கிராம் தார் இருந்தது. நான் போட்டது 60 கிராம் தூள், ஆக 5%. 97 ஆயிற்று. நாளைக்கு நாடா சுற்றுகிறேன்.